கனமழைக் கணிப்பும் தரவுப் பற்றாக்குறையும்: வாசகர் கேள்வி – பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாள்களில் வானிலை முன்னறிவிப்பைப் பற்றிய கடிதங்கள் எங்களுக்கு அதிகமாக வருகின்றன. கனமழை வரும் என்று சொல்ல முடிகிறவர்களால் அது எங்கே பெய்யும், எவ்வளவு பெய்யும் என்று ஏன் சொல்ல முடிவதில்லை என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம். அந்த ஐயத்தை ஒட்டிய கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் ஊரைத் தீவாக்கியது. ரயில் நிலையத்தில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கிடந்தார்கள். "அதி கனமழை பெய்யக்கூடும்" என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்தது உண்மைதான். ஆனால் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டும் என்று யாரும் சொல்லவில்லையே, ஏன்?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது.

முதலில் எச்சரிக்கையின் மொழியில் உள்ள ஒரு குறையைச் சொல்லிவிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் ஒரு நாளில் 20.45 செ.மீட்டரும் அதற்கு மேலும் பெய்வதெல்லாம் அதி கனமழைதான். அதற்கு மேல்வரம்பு கிடையாது. ஆகவே 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் ஒரே பெயர், ஒரே சிவப்பு நிறம். ஆற்றின் கரையில் குடியிருப்பவருக்கு இந்த இரண்டும் ஒன்றாகுமா என்ற தங்கள் ஆதங்கம் முற்றிலும் நியாயமானது.

இரண்டாவது காரணம் ஆழமானது. பெருமழையைக் கொட்டும் மேகத்திரள் பல நேரங்களில் சில பத்து கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 94.4 செ.மீ. பெய்தபோது, ஏறத்தாழ 25 கி.மீ. தெற்கே இருக்கும் கொலாபாவில் 7.3 செ.மீ. மட்டுமே பதிவானது. இத்தனை குறுகிய பரப்பில் நிகழ்வதை முன்கூட்டியே கணிக்க வேண்டுமானால், மழை தொடங்குவதற்கு முன் அந்தப் பரப்பிலும் அதற்குக் காற்று வந்து சேரும் திசையிலும் வளிமண்டலம் எந்த நிலையில் இருந்தது என்பது, வானிலையைச் சமன்பாடுகளால் கணக்கிடும் கணினி மாதிரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். குமரிக்கடல் பகுதியில் நிலவிய கீழடுக்குச் சுழற்சிதான் அன்றைய மழைக்குக் காரணம் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். அந்தச் சுழற்சி எவ்வளவு ஈரத்தை எந்த உயரத்தில் சுமந்துவந்தது, எந்த இடத்தில் காற்று குவிந்து மேலெழுந்தது என்ற நுட்பமான விவரங்கள்தாம் போதிய அளவில் இல்லை.

ரேடார்களை எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் டாப்ளர் ரேடாரிலிருந்து காயல்பட்டினம் 300 கி.மீட்டருக்கு மேல் தொலைவில் உள்ளது. சென்னையிலிருந்து 500 கி.மீட்டருக்கும் அதிகம். ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றைகூடத் தரையிலிருந்து அரை பாகை அளவு மேல்நோக்கியே செல்கிறது; பூமியின் வளைவும் சேர்ந்துகொள்வதால், 100 கி.மீ. தொலைவில் சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் சுமார் 4 கி.மீ. உயரத்திலும், 300 கி.மீ. தொலைவில் கிட்டத்தட்ட 8 கி.மீ. உயரத்திலும் அது கடந்துபோகும். ஆனால் வங்கக்கடலிலிருந்து வரும் ஈரத்தின் பெரும்பகுதி தரையை ஒட்டிய முதல் 3 கி.மீட்டருக்குள் இருக்கிறது. திருவனந்தபுரம் ரேடார் 140 கி.மீ. அளவில்தான் இருக்கிறது என்றாலும், இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அதாவது, தமிழகத்தின் தென்கிழக்கு முனையில் மழை உருவாகும் அடுக்கை அருகிலிருந்து, தடையின்றிப் பார்க்கும் கண் அன்று நமக்கு இல்லை. என் கருத்தில், 2023 டிசம்பர் கற்றுத்தந்த பாடங்களுள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுவே.

கேள்வி: "தரவு உள்வாங்கல்" என்றொரு நுட்பத்தால் மழைக்கணிப்பு மேம்படும் என்று படித்தேன். அளவீடுகளைக் கணினியில் பதிவேற்றுவதைத்தானே அது குறிக்கிறது? அதில் நுட்பம் என்ன இருக்கிறது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: அளவீடுகளை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்பதை வானிலைக் கணிப்பின் முதல் முயற்சியே காட்டிவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபடியே, 1910 மே 20 அன்று ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு ஆறு மணி நேர மாற்றத்தைக் கையால் கணக்கிட்டார். ஜெர்மனியில் ஓரிடத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் பயன்படுத்திய சமன்பாடுகளின் அடிப்படை சரியானதுதான். தொடக்க அளவீடுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாமல் இருந்ததே பிழைக்குக் காரணம் என்பதும், அந்த இசைவின்மையை முதலில் நீக்கிவிட்டால் அதே முறை நம்பத்தக்க விடையைத் தரும் என்பதும் பிற்காலத்தில் நிறுவப்பட்டன.

எனவே இன்று எந்த மாதிரியும் வெறும் அளவீடுகளிலிருந்து தொடங்குவதில்லை. சில மணி நேரத்துக்கு முன் அதே மாதிரி தந்த கணிப்பை முன்மதிப்பாக வைத்துக்கொண்டு, புதிதாக வந்த அளவீடுகளால் அதைத் திருத்துகிறார்கள். முன்மதிப்பிலும் பிழை உண்டு, அளவீட்டிலும் பிழை உண்டு. எதன் பிழை சிறியதோ அதன் சொல்லுக்கு அதிக எடை கிடைக்கும். ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு சாட்சிகளின் சொல்லையும் கேட்டு, அவரவர் நம்பகத்தன்மைக்கு ஏற்ப மதிப்பளிப்பதைப் போன்றது இது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். காரைக்காலுக்கு மேலே ஒன்றரை கி.மீ. உயரத்தில், ஒரு கிலோ காற்றில் 14 கிராம் நீராவி இருக்கிறது என்று மாதிரி சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான பிழை 1 கிராம். அங்கே அளவீட்டுக் கருவியைக் கட்டிப் பறக்கவிட்ட பலூன் 17 கிராம் என்கிறது. அதன் பிழை அரை கிராம். பிழைகளின் இருமடிகளுக்கு எதிர்விகிதத்தில் எடையிட்டால் பலூனுக்கு 80 விழுக்காடும் மாதிரிக்கு 20 விழுக்காடும் கிடைக்கும். திருத்திய மதிப்பு 16.4 கிராம் ஆகும். வெப்பமண்டலக் கடற்கரையில் இந்த 2.4 கிராம் வேறுபாடு, இடிமேகம் எழும்புமா எழும்பாதா என்பதையே முடிவுசெய்யக்கூடியது.

தாங்கள் கேட்ட நுட்பம் இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. காரைக்காலில் செய்த திருத்தத்தைப் பக்கத்துக் கடற்பரப்புக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசையில் பரப்புவது? காற்றைத் திருத்தினால் அதற்கு இசைய அழுத்தத்தை எப்படித் திருத்துவது? அமைதியான நாளில் பொருந்தும் பரவல், புயல் சுழலும் நாளில் பொருந்தாது. ஆகவே, சற்றே வேறுபட்ட பல கணிப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டி, அவை எங்கே ஒன்றுக்கொன்று விலகுகின்றன என்பதைப் பார்த்து, அன்றைய வானிலைக்கு ஏற்ற பிழை அமைப்பைக் கண்டறிகிறார்கள். அளவீடு எந்த நிமிடத்தில் எடுக்கப்பட்டதோ அந்த நிமிடத்தில் மாதிரியோடு ஒப்பிட்டு, பல மணி நேரச் சாளரம் முழுவதற்கும் பொருந்துகிற ஒரே தொடக்க நிலையைத் தேடும் நாற்பரிமாண முறையும் உண்டு. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலைக் கணிப்பு மையம் அதை 1997ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த மையத்தின் கணிப்புகள் உலக அளவில் மதிக்கப்படுவதற்கு, தரவுகளைக் கையாளும் இந்தக் கவனம் முக்கியமான காரணம்.

கேள்வி: புதிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன, 6 கி.மீ. நுட்பத்தில் கணிக்கும் மாதிரியும் வந்துவிட்டது. இனியாவது 2021 டிசம்பர் 30 அன்று நடந்ததைப் போல் நாங்கள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் நேரத்தில் மழையில் மாட்டிக்கொள்ளாமல் இருப்போமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: புனேவிலும் நொய்டாவிலும் நிறுவப்பட்ட அர்கா, அருணிகா கணினிகள் 2024 செப்டம்பரில் பயன்பாட்டுக்கு வந்தன, நிலப்பரப்பை 6 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் பாரத் முன்கணிப்பு முறை 2025 மே மாதம் தொடங்கப்பட்டது. இவை மெய்யான முன்னேற்றங்கள். முன்பு 12 கி.மீ. கட்டத்தில் 426 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை மாநகராட்சி முழுவதும் ஏறத்தாழ மூன்று கட்டங்களுக்குள் அடங்கியது. இப்போது பன்னிரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. ஆனாலும் ஓர் இடிமேகத்தின் மையம் சில கி.மீ. அகலமே உடையது, அதைச் சரியாக உருவகிக்க ஒரு கட்டம் போதாது, பல கட்டங்கள் வேண்டும். அதனால்தான் 3, 4 கி.மீ. கட்டங்கள் கொண்ட வட்டார மாதிரிகளையும் தனியே இயக்குகிறார்கள்.

தாங்கள் குறிப்பிடும் நாளில், கடலுக்கு மேலேயே பெய்து ஓய்ந்துவிடும் என்று கருதப்பட்ட மேகங்கள் கரைக்குள் நகர்ந்து, பிற்பகலில் நகரத்தின் மேல் நிலைகொண்டன. மழை பெய்யத் தொடங்கிய பின்னர்தான் சிவப்பு எச்சரிக்கை வந்தது. சில பத்து கி.மீ. கிழக்கே நின்றிருந்தால் யாரும் அந்த மழையைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டார்கள். இத்தகைய இடப்பிழையைக் கட்டத்தைச் சிறிதாக்குவதால் மட்டும் போக்கிவிட முடியாது. தொடக்க நிலை தவறாக இருந்தால், நுட்பமான மாதிரி தவறான இடத்தில் மிக நுட்பமான மழையைப் பெய்விக்கும். கணினிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையேனும் அளவீட்டுக் கருவிகளுக்கும், அவற்றைப் பழுதின்றிப் பராமரிக்கும் ஆள்களுக்கும் செலவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: எங்களுக்கு மழை கடலிலிருந்துதான் வருகிறது. கடலுக்கு மேலே அளப்பதற்கு என்னதான் இருக்கிறது?
– மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர், நாகப்பட்டினம்

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். பலூன்கள் நிலத்திலிருந்து, அதுவும் பெரும்பாலும் அதிகாலை 5.30, மாலை 5.30 ஆகிய இரு வேளைகளில்தான் ஏவப்படுகின்றன. வங்கக்கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் உள்ளன. அவை கடல்மட்டத்துக் காற்று, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைச் சொல்லும், ஆனால் 2 கி.மீ. உயரத்தில் எவ்வளவு ஈரம் என்பதைச் சொல்லாது. புயல் வரும்போது கப்பல்கள் விலகிப்போய்விடுவதால், அளவீடு மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் அவற்றின் அறிக்கைகளும் குறைந்துவிடுகின்றன. பயணிகள் விமானங்கள் பறக்கும் வழியெல்லாம் காற்றையும் வெப்பநிலையையும் அளந்து அனுப்புகின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது விமானங்கள் நின்றபோது, உலக முன்கணிப்பு மையங்கள் அந்தத் தரவுகளின் பெரும்பகுதியை இழந்தன.

மீதி எல்லாம் செயற்கைக்கோள்களின் பொறுப்பு. இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை நம் கடல்களை ஓயாமல் பார்க்கின்றன; அடுத்தடுத்த படங்களில் மேகம் நகர்ந்த தொலைவைக் கொண்டு காற்றின் திசையும் வேகமும் கணக்கிடப்படுகின்றன. ஆனால் அகச்சிவப்புக் கதிர் மேகத்தின் உச்சியோடு நின்றுவிடும்; அதன் கீழே நடப்பதை அது காணாது. நுண்ணலைக் கருவிகள் மேகத்தை ஊடுருவிப் பார்ப்பவை. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், மேகமும் மழையும் கலந்த இடங்களில் எடுக்கப்பட்ட நுண்ணலைத் தரவுகளைக் கணக்கிடுவது கடினம் என்பதால், நெடுங்காலம் அவற்றில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டுத் தெளிந்த வானத்துத் தரவுகளை மட்டுமே மாதிரிகள் ஏற்றுக்கொண்டன. மழை எங்கே இருந்ததோ அங்கேதான் தகவல் வீணானது. ஐரோப்பிய மையம் 2009இல் மேகமூட்டம், தெளிவான வானம் என்ற வேறுபாடு இல்லாமல் நுண்ணலைப் படக்கருவிகளின் தரவுகளை உள்வாங்கத் தொடங்கியது. பிறகு ஈரப்பதத்தை அளக்கும் கருவிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது.

இதில் நமக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஏவிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள், துருவங்களைச் சுற்றாமல் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளையே சுற்றிவந்தது. அதில் இருந்த சஃபிர் என்ற கருவி, காற்றின் பல அடுக்குகளில் உள்ள ஈரத்தை ஒரே நாளில் பலமுறை அளந்தது. உலகின் பெரிய மையங்கள் அந்தத் தரவுகளைப் பயன்படுத்தின. பணிக்காலம் முடிந்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலுக்கு மேல் அது கட்டுப்பாட்டோடு எரித்து முடிக்கப்பட்டது. வங்கக்கடலின் ஈரத்தை அடிக்கடி அளக்கும் அத்தகைய இன்னொரு செயற்கைக்கோள் நமக்குத் தேவை. ஜிபிஎஸ் சமிக்ஞைகள் வளிமண்டலத்தின் ஊடே வளைவதை அளந்து வெப்பமும் ஈரமும் கணக்கிடும் காஸ்மிக்-2 என்ற ஆறு செயற்கைக்கோள்களின் தொகுதியைத் தைவானும் அமெரிக்காவும் 2019இல் ஏவியுள்ளன. அதுவும் வெப்பமண்டலத்தை மையமாகக் கொண்டது.

கேள்வி: இலங்கையில் எடுக்கப்படும் அளவீடுகள் தமிழ்நாட்டுக் கணிப்புக்குப் பயன்படுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நிச்சயமாகப் பயன்படும். தென்மேற்கு வங்கக்கடலில் உருவாகித் தமிழகத்தை நோக்கி வரும் பல தாழ்வுப் பகுதிகள் இலங்கைக் கரையை ஒட்டியோ அதைக் கடந்தோதான் வருகின்றன. கிழக்கிலிருந்து வரும் காற்றைத் தமிழகத்துக்கு முன்பாகச் சந்திக்கும் நிலம் இலங்கையின் கிழக்குக் கரையே. உலக வானிலை அமைப்பு 2021இல் ஏற்றுக்கொண்ட தரவுக் கொள்கை, கணிப்புக்கு அடிப்படையான அளவீடுகளை நாடுகள் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. திரிகோணமலையிலோ மட்டக்களப்பிலோ கூடுதலாக ஒரு பலூன் ஏவப்பட்டால் அதன் பயன் இரு கரைகளுக்கும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மழைமானி வைத்து மாணவர்கள் தினமும் அளக்கிறார்கள். இது மாதிரிகளுக்கு உதவுமா?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: தங்கள் மாணவர்களின் முயற்சி போற்றத்தக்கது, அதன் பயன் எங்கே கிடைக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மழைமானி பெய்து முடிந்த மழையைச் சொல்கிறது. பெய்யப்போகும் மழைக்கான ஈரத்தையும் காற்றையும் அது சொல்வதில்லை. ஆகவே மாதிரியின் தொடக்க நிலையைத் திருத்துவதில் அதன் பங்கு குறைவு. ஆனால் ரேடார் காட்டும் மழையளவைச் சரிபார்க்கவும், எந்த மாதிரி எந்த மலைச்சரிவில் தொடர்ந்து தவறுகிறது என்று கண்டறியவும் அடர்த்தியான மழைமானிகள் இன்றியமையாதவை. கொடைக்கானல், சிறுமலை போன்ற மலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் ஒரு சரிவில் பெய்வது மறுசரிவில் பெய்யாது. தமிழக அரசு 1,400 தானியங்கி மழைமானிகளை நிறுவ எடுத்த முடிவு இதனால் வரவேற்கத்தக்கது. மழைமானியை மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைக்காமல், தடைகளின் உயரத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளித் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கே அளக்கச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவதையும் விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தக் கருவிகளெல்லாம் எதற்கு?
– வாசகர், திருச்சி

பதில்: கிராஃப்காஸ்ட், பாங்கு போன்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் பத்து நாள் கணிப்பைச் சில நிமிடங்களில் தந்துவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் அவை கற்றுக்கொண்டது பல பத்தாண்டு அளவீடுகளை மேற்சொன்ன முறையில் உள்வாங்கி உருவாக்கிய மறுபகுப்பாய்வுத் தொகுப்பிலிருந்து. அவை ஒவ்வொரு நாளும் புறப்படுவதும் அன்றைய உள்வாங்கல் தந்த தொடக்க நிலையிலிருந்து. அந்தத் தொகுப்பின் கட்டம் ஏறக்குறைய 31 கி.மீ. என்பதால், காயல்பட்டினம் போன்ற உச்ச மழைகள் அதில் மழுங்கியே பதிவாகின்றன. கருவிகள் குறைந்தால் இவற்றின் கணிப்பும் குறைபடும்.

கேள்வி: நியாயமாக எவ்வளவு முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம்? முந்தைய நாளே தெருவாரியாகச் சொல்லும் காலம் வருமா?
– ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், காஞ்சிபுரம்

பதில்: தெருவாரியாக முந்தைய நாளே சொல்வது சாத்தியமில்லை என்றே நினைக்கிறேன். இடிமேக அளவிலான சிறு பிழைகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும் இயல்பு வளிமண்டலத்திலேயே இருக்கிறது. ஆனால் சில மணி நேரத்துக்கு முன்பான கணிப்பில் பெரும் முன்னேற்றத்துக்கு இடமுண்டு. ரேடார் காட்டும் மழைச்செறிவையும், மழைத்துளிகள் ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்தையும் அடிக்கடி மாதிரிக்குள் செலுத்திக்கொண்டே இருப்பதுதான் அதற்கு வழி. ஜப்பானில் 2021 டோக்கியோ ஒலிம்பிக் நாள்களில், புதிய வகை ரேடாரின் தரவுகளை ஃபுகாகு கணினியில் 30 வினாடிக்கு ஒருமுறை உள்வாங்கி, 500 மீட்டர் கட்டங்களில் அடுத்த 30 நிமிட மழையைக் கணித்துக் காட்டினார்கள். நமக்கு 30 வினாடி வேண்டாம். நம் கடற்கரை ரேடார்களின் தரவுகளை மணிக்கு ஒருமுறை தவறாமல் உள்வாங்கினாலே சென்னையிலும் கடலூரிலும் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரையிலான எச்சரிக்கை கூர்மையாகும்.

ஒரு நாளுக்கு முன்பான கணிப்பில் நாம் கேட்க வேண்டியது நிகழ்தகவை. ஐரோப்பிய மையம் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளோடு 51 கணிப்புகளை ஓட்டுகிறது; இந்திய மையங்களும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. அவற்றில் எத்தனை கணிப்புகள் 20 செ.மீட்டரைத் தாண்டுகின்றன, எத்தனை 40 செ.மீட்டரைத் தாண்டுகின்றன என்பது மாவட்ட வாரியாக வண்ணமிடப்பட்ட வரைபடத்தில் தெரிவதில்லை. ஏரிக்குப் பொறுப்பான பொறியாளருக்குத் தேவைப்படுவதோ அதுதான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும் நிலையில் இருக்கும்போது, நீர்ப்பிடிப்புப் பகுதியில் நாளை 30 செ.மீட்டருக்கு மேல் பெய்ய ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று முந்தைய நாள் காலையிலேயே தெரிந்தால், பகல் வெளிச்சத்தில், அடையாற்றின் கரையோர மக்களுக்குத் தெரிவித்து, சிறிது சிறிதாகத் தண்ணீரைத் திறந்துவிடலாம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்த இரவில் அந்த அவகாசம் யாருக்கும் இருக்கவில்லை. மாவட்ட அளவிலான எச்சரிக்கையோடு ஒவ்வோர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் இந்த நிகழ்தகவு எண்களைத் தினமும் வெளியிடுவதும், பருவமழை முடிந்ததும் அவை எந்த அளவுக்குப் பலித்தன என்ற கணக்கைப் பொதுவில் வைப்பதும், புதிதாக ஒரு கருவியும் வாங்காமல் வரும் பருவத்திலேயே செய்யக்கூடியவை.